துண்டுக்குள் அறுபது மரம்

ஜூன் மாதத்தில் திருச்சிப் பக்கம் மரக்கன்று நடுகிறவர் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பெனியாக இருக்க வேண்டும். மேலே வெயில், பக்கவாட்டில் புழுதிக் காற்று, கீழே கடப்பாரை இறங்காத தரை. ஐப்பசியில் வைத்தால் மழையே கூட இருந்து வளர்த்துவிட்டுப் போகும். இதை முதல் வருஷமே கலைமதி மேடத்திடம் சொன்னேன்.

"உலக சுற்றுச்சூழல் தினம் ஜூன் அஞ்சு சார். அதை எப்படி ஐப்பசிக்கு மாத்தறது?" என்றார்.

நியாயமான கேள்வி. அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. ஜூனில் வைத்தது ஆகஸ்டில் செத்தால் அடுத்த ஜூனில் மறுபடி ஐந்நூறு கன்று விற்கும். ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் நர்சரி வைத்திருக்கிறவன் நான். கன்று பிழைப்பதில் எனக்கு என்ன ஆதாயம்?

கலைமதி மேடம் சென்னைக் கம்பெனி ஒன்றில் சமூக சேவைப் பிரிவைப் பார்க்கிறவர். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வேலையாட்களை வருஷம் ஒரு நாள் வெளியே கூட்டிப்போய் மண்ணில் கை வைக்கச் செய்வது அவர் வேலை. அதற்கு இடம், குழி, கன்று, குச்சி, கையுறை, தொப்பி, நீர்மோர், பேனர் எல்லாம் சேர்த்து ஒரே கையாகச் செய்து கொடுப்பது என் வேலை.

இடம் நான் பிடித்ததுதான். மண்ணச்சநல்லூர் தாண்டி வேப்பந்திட்டு என்று ஒரு ஊர். அங்கே மேய்ச்சல் தரிசு மூன்று ஏக்கர். ரோட்டை ஒட்டி இருந்தது. ஏசி பஸ் திரும்ப வசதி. எதிரிலேயே கல்யாண மண்டபம், அதில் வெஸ்டர்ன் கழிவறை இரண்டு. திருச்சி ஓட்டலிலிருந்து நாற்பது நிமிஷம். ஒரு காடு உண்டாக வேறென்ன வேண்டும்?

முதல் வருஷம் ஐந்நூறு கன்று வைத்தோம். போயிற்று. இரண்டாம் வருஷம் அதே குழியில் ஐந்நூறு. அதுவும் போயிற்று. கம்பெனியின் இணையதளத்தில் 'ஆயிரம் மரங்கள் நட்டோம்' என்று பச்சை எழுத்தில் போட்டார்கள். பொய்யில்லை. நட்டது ஆயிரம்தான். நிற்கிறது என்று யாரும் எழுதவில்லையே.

மூன்றாம் வருஷம்தான் வீரம்மாள் வந்தாள்.

அந்தத் தரிசில் இருபது வருஷமாக ஆடு மேய்த்தவள். கன்று வைக்கிறோம் என்று கம்பி வேலி போட்டதில் மேய்ச்சல் போயிற்று. இருபத்திரண்டு ஆட்டையும் சமயபுரம் சந்தையில் விற்றுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஊராட்சித் தலைவர் அழகிரிக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். "தண்ணி ஊத்துற வேலைய அந்தம்மாவுக்குக் குடுங்க சிவசங்கர், வாயடைச்ச மாதிரி இருக்கும்" என்றார். கொடுத்தேன். மூன்று மாதச் சம்பளம். அதற்கப்புறம் தண்ணீர் ஊற்றுவதற்கு யாரும் காசு ஒதுக்குவதில்லை, ஏனென்றால் அதற்கப்புறம் யாரும் வந்து பார்ப்பதில்லை.

அந்த வருஷ விழாவில் ஒரு காரியம் நடந்தது. கம்பெனியின் பெரியவர் விமானத்தில் வந்திருந்தார். மேடையில் ஆங்கிலத்தில் பேசினார். பேச்சின் நடுவில் வீரம்மாளைக் கைகாட்டி ஏதோ சொன்னார், எல்லோரும் கைதட்டினார்கள். கலைமதி மேடம் மைக்கை வாங்கித் தமிழில் சொன்னார்: "சார் சொல்றாங்க, இந்தச் செடியெல்லாம் பிழைச்சு நின்னா உங்களுக்கு இங்கயே நிரந்தரமா வேலை. உங்க பேரு இனிமே பசுமைக் காவலர்."

வீரம்மாள் கும்பிட்டாள். மேடையில் சொன்னதெல்லாம் சொல்லுக்குச் சொன்னது என்று எனக்குத் தெரியும், அழகிரிக்குத் தெரியும், மைக் செட்காரருக்குக்கூடத் தெரியும். அவளுக்குத் தெரியவில்லை. ஆட்டுச் சந்தையில் புழங்கினவள். அங்கே நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான்.

*

இந்த வருஷம் மே மாதம் இடம் பார்க்க வந்தோம். கலைமதி மேடம், அழகிரி, நான். வண்டியிலிருந்து இறங்கின மேடம் குடையை விரித்தவர் விரித்தபடி நின்றுவிட்டார்.

"இது நம்ம சைட்டா சார்?"

நானும் ஒரு வருஷமாக அந்தப் பக்கம் போகவில்லை. வேலிக்குள் பச்சையாக இருந்தது. வாகை ஆளுயரத்துக்கு மேலே போயிருந்தது. பூவரசு குடை பிடித்த மாதிரி. வேம்பு, நாவல் எல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும். நடுவில் ஒரு ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு வீரம்மாள் வந்தாள்.

"முன்னூத்திப் பன்னெண்டு நிக்குது தம்பி. எண்ணிப் பாத்துக்கலாம்."

"தண்ணி எங்கேருந்துக்கா?"

"பக்கத்து வயக்காரர் போர்ல. வாரத்துல ரெண்டு நாள் அவருக்குக் களை எடுக்கறேன், அவர் குழாய விடுறாரு."

கன்றுகளில் போன வருஷம் கட்டின பெயர் அட்டைகள் இன்னும் தொங்கின. வேலையாளின் பெயர், கீழே அவர் பிரிவு. கம்பி தண்டை இறுக்கும் என்று அதை எடுத்துவிட்டுக் கந்தல் துணியில் தளர்வாகக் கட்டியிருந்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள். ஒரு வருஷத்தில் எல்லோரையும் பெயர் சொல்லிப் பழகிவிட்டிருந்தாள்.

"ஃபைனான்ஸ் ஆளுங்க பூரா நல்லா வந்திருக்காங்க," என்று மேடத்துக்கு விளக்கினாள். "மார்க்கெட்டிங்தான் பாதிக்கு மேல காஞ்சு போச்சு. அந்தா, தமிழ்மணி. அதுக்குப் புழு விழுந்து வேப்பங்கொட்டை கரைசல் அடிச்சேன். இந்த நாவலு வைஷ்ணவி. மொதல்ல சவலையா இருந்துச்சு. இப்பப் பாருங்க."

மேடம் அந்த நாவலைத் தொட்டுப் பார்த்தார். கண்ணில் நிஜமாகவே ஒரு சந்தோஷம் வந்தது. பிறகு கையில் இருந்த தாளைப் பார்த்தார். சந்தோஷம் இறங்கியது.

"சார், இந்த வருஷமும் ஐந்நூறு. பஸ் பதினொண்ணு புக் பண்ணியாச்சு. எங்க நடறது?"

"இருக்கறதுக்கே தண்ணி ஊத்தச் சொல்லலாமே மேடம். களை எடுக்கட்டும், பாத்தி கட்டட்டும். நல்ல வேலைதான்."

"அது போட்டோல எப்படித் தெரியும்? குழியில செடி வைக்கணும் சார், அதுக்குத்தான் வர்றாங்க. ரிப்போர்ட்ல நட்டது எத்தனைனு ஒரு கட்டம் இருக்கு. வளத்தது எத்தனைனு கட்டமே கிடையாது." தாளை மடித்தார். "ராமேஸ்வரம் பக்கம் பவளப்பாறை ப்ராஜெக்ட் ஒண்ணு பண்றோம். சிமென்ட் கல்லுல பவளத்தைக் கட்டிக் கடல்ல இறக்கறது. அங்க இந்தத் தொல்லையே இல்ல. கடல்ல இடம் ஜாஸ்தி."

"வேற எடம் காட்டுங்களேன் தலைவரே," என்று அழகிரியைப் பார்த்தேன்.

"ஏரிக்கரை இருக்கு. பஸ்ஸு போவாது. மூணு மைல் நடக்கணும், கழிவறை கெடையாது."

மேடம் தலையாட்டினார். கம்பெனி ஆட்கள் காடு வளர்க்க வருவார்கள், காட்டுக்கு நடந்து வரமாட்டார்கள்.

வீரம்மாள் குழாயைக் கீழே போட்டாள். எங்கள் பேச்சு அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. அவள் மனதில் வேறு கேள்வி ஒரு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தது.

"செடி பொழச்சிருச்சு மேடம். வேலை எந்த மாசத்துலேருந்து?"

மேடத்துக்கு ஞாபகம் வர ஒரு நிமிஷம் ஆயிற்று. "அது... அது சார் ஒரு உற்சாகத்துக்குச் சொன்னதும்மா. பராமரிப்புனு தனியா பட்ஜெட் இல்ல. நான் கேட்டுப் பாக்கறேன்."

"சரிங்க," என்றாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. விலை படியாத ஆட்டைத் திருப்பி ஓட்டிப் போகிறவர்கள் அப்படித்தான் முகத்தை வைத்துக்கொள்வார்கள். "அப்ப இதெல்லாம்?"

நான்தான் சொன்னேன். ஜேசிபி வைத்து எடுத்து ஏரிக்கரைப் பக்கம் மாற்றி நடுவோம் என்றேன். மே மாதத்தில் பிடுங்கின மரம் எங்கே மாற்றி நட்டாலும் விறகுதான். அவளுக்கு அது தெரியாதா?

"மொத்தமுமா?"

"கொஞ்சம் விடலாம்க்கா. ஓரமா."

"எத்தினி?"

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் எனக்கும் அவளுக்கும் நடுவில் குடையை நகர்த்திக்கொண்டிருந்தார். வீரம்மாள் ஒரு அடி முன்னால் வந்து, வெயிலுக்கு நான் கழுத்தில் போட்டிருந்த துண்டைக் கண்ணால் காட்டினாள்.

"துண்டைப் போடுங்க தம்பி."

எங்கள் அப்பா சமயபுரம் ஆட்டுச் சந்தையில் தரகர். சனிக்கிழமை விடியலில் துண்டுக்குள் கை விட்டால் மத்தியானம்தான் வெளியே எடுப்பார். விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் துணிக்கு அடியில். 'இது நூறு' என்று சொல்லி இரண்டு விரலைப் பிடித்தால் இருநூறு. 'இது பத்து' என்று சொல்லி மூன்று விரல் பிடித்தால் முப்பது. சுற்றி நிற்கிறவனுக்கு எதுவும் தெரியாது. துண்டுக்குள் ஒத்துக்கொண்டதை வெளியே வந்து மாற்றினவனுக்கு மறு வாரம் சந்தையில் கை கொடுக்க ஆள் கிடையாது.

பெண்பிள்ளைக்குத் தரகர்கள் துண்டு போடமாட்டார்கள். வாயால் விலை கேட்டு, நாலு பேர் சேர்ந்து அடித்துப் பேசி, பாதிக்கு வாங்கிவிடுவார்கள். புருஷன் செத்த மறு வருஷம் வீரம்மாள் சொந்தமாக ஒரு துண்டு வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனவள். அவள் துண்டுக்குள் முதலில் கை விட்டவர் எங்கள் அப்பா. அதை அவளும் மறக்கவில்லை, எங்கள் வீட்டிலும் ரொம்ப நாள் மறக்கவில்லை.

துண்டை எங்கள் இரண்டு கை மேலும் போட்டேன்.

"இது நூறு," என்று என் இரண்டு விரலைப் பிடித்தாள். இருநூறு.

"இது பத்து." நான் இரண்டு விரல் பிடித்தேன். இருபது.

அவள் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அது ஒன்றுதான். "உங்கப்பா இப்படித் தொடங்க மாட்டாரு."

நூறு என்றாள். நான் முப்பது. எண்பது என்றாள். நான் நாற்பது. அவள் உள்ளங்கை குழாய் இழுத்துக் காய்த்துப்போய் மரப்பட்டை மாதிரி இருந்தது. ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து, விட்டு, ஒரு விரலை மட்டும் பிடித்தாள். அறுபது. பிடித்த விரலை விடவில்லை. விலகவும் இல்லை, பேசவும் இல்லை. அது கடைசி விலை என்று அர்த்தம்.

நான் அழுத்திக் கொடுத்தேன். முடிந்தது.

"கெழக்கோரம் கடைசி ரெண்டு வரிசை," என்றாள். "வைஷ்ணவி அதுலதான் இருக்கு."

"சரிக்கா."

"துண்டுக்குள்ள சொன்னது."

"சரிக்கா."

கார் கிளம்பினதும் மேடம் கேட்டார்: "என்ன சார் அது, ஏதாவது சடங்கா?"

"ஆமா மேடம்," என்றேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிழக்குப் பக்கம் ஐந்து வரிசை விட்டாலும் மீதியில் ஐந்நூறு குழி நெருக்கிப் போடலாம் என்று நான் வரும்போதே கணக்குப் போட்டிருந்தேன். நூற்றைம்பது வரைக்கும் போகத் தயாராகத்தான் கையை நீட்டினேன். அவள் எண்பதில் நின்றிருந்தாலும் கொடுத்திருப்பேன். நூறிலேயே நின்றிருந்தாலும் கொடுத்திருப்பேன். அந்தத் தொண்ணூறு மரத்தை விட்டால் எனக்கு ஒரு ரூபாய் நஷ்டம் இல்லை. ஆனாலும் எதிராளி இறங்கும்போது கூடவே இறக்கிக்கொண்டு போவதுதான் பழக்கம். மேலூர் வந்து சேருகிற வரைக்கும் எனக்கு ஒரு உற்சாகம்கூட இருந்தது, நல்ல பேரம் முடித்த உற்சாகம்.

*

மே கடைசியில் ஜேசிபி வந்து இருநூற்றைம்பத்திரண்டையும் எடுத்தது. ஒரு நாள் வேலை. அரிசி மில்லுக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் கொட்டினோம். வீரம்மாள் ஒவ்வொன்றிலிருந்தும் பெயர் அட்டையை அவிழ்த்து ஒரு யூரியாச் சாக்கில் போட்டுக்கொண்டாள். எதற்கு என்று கேட்டேன். "ஆளுங்க வந்து கேட்டா?" என்றாள்.

யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

விழா ஜூன் முதல் சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கே நாங்கள் போய்விட்டோம். ஐந்நூறு குழியும் கோடு போட்ட மாதிரி இருந்தன. கிழக்கோரம் அறுபது மரம் காற்றில் ஆடிக்கொண்டு நின்றன. எனக்கே பார்க்க நன்றாக இருந்தது. ஏதோ ஒரு இடத்தில் நாணயமாக இருந்துவிட்டோம் என்று தோன்றியது.

படம் எடுக்க ட்ரோன் கொண்டுவந்திருந்தார்கள். கம்பெனி ரிப்போர்ட்டுக்கு 'முன்', 'பின்' என்று இரண்டு படம் வேண்டும். முன் படத்தில் பொட்டல், பின் படத்தில் கன்று. ட்ரோன் ஏறி இறங்கியது. மேடம் டேப்லெட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், முன் படத்துல காடு தெரியுது."

"ஓரமாத்தானே மேடம் இருக்கு."

"எந்தப் பக்கத்துலேருந்து எடுத்தாலும் தெரியுது சார். ஏற்கெனவே மரம் இருக்கற எடத்துல எதுக்கு நடறீங்கனு கேப்பாங்க. மூணு வருஷக் கணக்கையும் தோண்டுவாங்க."

"படத்துல அந்த ஓரத்தை வெட்டிடுங்களேன். இப்பத்தான் எல்லாத்துக்கும் மெஷின் இருக்கே."

மேடம் என்னை வருத்தத்தோடு பார்த்தார். "படத்தைத் திருத்தக் கூடாது சார். அது பொய்யாயிடும். ஆடிட்டிங் இருக்கு."

படத்தில் வெட்டினால் பொய். தரையில் வெட்டினால் உண்மை. இவ்வளவு சுத்தமான கணக்கை நான் எங்கள் சந்தையில்கூடப் பார்த்ததில்லை.

மணி ஆறே முக்கால். எட்டு மணிக்கு பஸ்கள் வந்துவிடும். ஜேசிபி கடைசி மண்மேட்டை நிரவுவதற்காக ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தது. மேடம் தாழ்ந்த குரலில் இன்னொன்றும் சொன்னார்: "அடுத்த மூணு வருஷத்துக்கும் உங்ககூடயே ஒப்பந்தம் போடச் சொல்லி எழுதியிருக்கேன் சார். பெரியவர் இன்னிக்குப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுவாரு."

வீரம்மாள் குழிகளுக்கு நடுவே கன்றுப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்று கூப்பிட்டேன். "மண்டபத்துல டிபன் ரெடியா இருக்கு. டீசர்ட்டும் குடுப்பாங்க, வாங்கிப் போட்டுக்கிட்டு நிதானமா சாப்பிட்டுட்டு வாங்க."

"வேலை கெடக்கே தம்பி."

"நான் பாத்துக்கறேன். போங்க."

போனாள். நாலு இட்லி, ஒரு வடை, காபி. அரை மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். ஜேசிபிக்காரருக்கு இருபது நிமிஷம் போதுமாக இருந்தது.

அவள் சேலைக்கு மேலே நீல டீசர்ட் போட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தபோது கிழக்கோரம் சமதளமாக இருந்தது. ட்ரோன் மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு என் கழுத்தில் கிடந்த துண்டைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. போய், அங்கே மண்ணில் கிடந்த பெயர் அட்டைகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுவிட்டு, கன்றுப் பைகளை அடுக்க ஆரம்பித்தாள்.

அவள் திட்டியிருக்கலாம். திட்டுக்குப் பதில் என்னிடம் எப்போதும் இருக்கும்.

பஸ்கள் வந்தன. நீல டீசர்ட்டும் வெள்ளைத் தொப்பியுமாக ஐந்நூறு பேர் இறங்கி, ஐந்நூறு குழிகளுக்கும் பிரிந்து போனார்கள். ஆளுக்கு ஒரு கன்று, ஆளுக்கு ஒரு படம். பத்து மணிக்குள் முடிந்துவிட்டது. அப்போதுதான் ஒரு பெண் தன் அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"சார், போன வருஷம் வெச்ச செடியெல்லாம் எங்க? நான் வைஷ்ணவி, ஃபைனான்ஸ். ஒரு நாவல் வெச்சேன். பாத்துக்கற அம்மாகிட்ட நம்பர் குடுத்திருந்தேன், தீபாவளிக்குப் போட்டோ அனுப்பினாங்க."

வீரம்மாளிடம் போட்டோ எடுக்கிற போன் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அந்த அம்மா ஸ்ரீரங்கத்துக்காரர், உத்தர வீதி. மெல்லிய குரலில் சொன்னார்: "எங்காத்துக்காரர் பரமபதிச்ச வருஷம் இவ வெச்சது. ஒரு தரம் கண்ணால சேவிச்சுட்டுப் போலாம்னு வந்தேன்."

வீரம்மாள் பக்கத்தில்தான் நின்றாள். வைஷ்ணவி அவளை அடையாளம் கண்டுகொண்டு, "நீங்கதானேம்மா? எங்க இருக்கு?" என்றாள்.

"இங்கதான் இருந்துச்சு பாப்பா. அந்த ஓரத்துல." வீரம்மாள் கையை நீட்டி என்னைக் காட்டினாள். "மொதலாளியக் கேளுங்க."

காலை வரைக்கும் நான் தம்பி.

"வேற எடத்துக்கு மாத்தி நட்டிருக்கோம்மா," என்றேன். "ஏரிக்கரைக்கு. நல்ல ஈரமான மண்ணு. பஸ்ஸு போவாது, அதான்."

"நன்னா இருக்கா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"நல்லா இருக்குங்க."

வீரம்மாள் போய் யூரியாச் சாக்கை எடுத்துவந்தாள். குந்தி உட்கார்ந்து தேடினாள். மேலாகத்தான் கிடந்தது. வைஷ்ணவி, ஃபைனான்ஸ் என்ற அட்டையை எடுத்து டீசர்ட்டில் துடைத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள். வைஷ்ணவி அட்டையைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். படித்த பெண், கணக்கு வேலை பார்க்கிறவள். ஏரிக்கரை எங்கே என்று மேற்கொண்டு கேட்கவில்லை. "வாம்மா, வெயில்," என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மேடையில் பெரியவர் வீரம்மாளுக்குச் சால்வை போர்த்தினார். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் மைக் செட்காரர் பக்கமாக நகர்ந்தேன்.

"வெயில் ஏறுது," என்றாள். "எல்லாரும் தண்ணி குடிங்க."

நல்ல கைதட்டல். ஒப்பந்தத்தில் அன்றைக்கே கையெழுத்தாயிற்று. அடுத்த மூன்று ஜூனும் அதே இடம், ஐந்நூறு குழி, முன் படத்துக்கு ஏற்றபடி இடத்தைத் தயாராக வைத்திருப்பது என் பொறுப்பு.

*

பத்து நாள் கழித்து வேப்பந்திட்டுக்குப் போனேன். வேலிக்குள் ரப்பர் குழாய் கிடந்தது. ஐந்நூறு கன்றும் ஈரமாக இருந்தன. பாத்தி கட்டி, வைக்கோல் போட்டு மூடியிருந்தாள். ஒன்றுகூட வாடவில்லை.

எனக்கு ஒப்பந்தம்தான் கண்முன்னால் வந்தது. போன தடவை பிடுங்கினதையே ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். யாராவது போனில் எடுத்துப் போட்டிருந்தால் தொலைந்தது. இனிமேல் பிடுங்குகிற பேச்சே கூடாது. தானாகச் செத்தால்தான் யாருக்கும் சங்கடம் இல்லை.

வீரம்மாள் எதிரில் அற்புதம்மாள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அழகிரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மில் ஆட்கள் மூன்று பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினேன்.

"அக்கா, ஒரு விஷயம். இந்த வருஷத்துலேருந்து உங்களுக்கு மாசச் சம்பளம். மூணு மாசம் இல்ல, பன்னெண்டு மாசமும். மூணு வருஷத்துக்கு."

"என்ன வேலை?"

கழுத்துத் துண்டை எடுத்து அவள் பக்கமாக நீட்டினேன். யோசித்துச் செய்தது இல்லை, கை தானாகப் போயிற்று.

அவள் துண்டைப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"துண்டு வேணாம் மொதலாளி. வாயால சொல்லுங்க. நாலு பேர் கேக்கட்டும்."

"மெதுவாப் பேசலாம்க்கா."

"சத்தமா சொல்லுங்க. என்ன வேலை, என்ன சம்பளம்?"

மில் ஆட்கள் திரும்பினார்கள். அற்புதம்மாள் டீ ஆற்றுவதை நிறுத்தினாள். என் வாழ்நாளில் ஒரு விலையை வெளியே உரக்கச் சொன்னது கிடையாது. எழுந்து போயிருக்கலாம். போனால் அவள் மறுபடி தண்ணீர் ஊற்றுவாள். ஐந்நூறும் பிழைத்துக்கொள்ளும்.

"தண்ணி ஊத்தாம இருக்கணும்," என்றேன். "அதான் வேலை. மாசம் எட்டாயிரம்."

ஒரு ஆள் கேட்கவில்லை போலிருக்கிறது. "என்னங்கறாரு?" என்றார். "செடிக்குத் தண்ணி ஊத்தாம இருக்க எட்டாயிரமாம்," என்று அடுத்தவர் சொன்னார். "கம்பெனி வேலைன்னா இப்படித்தான்யா இருக்கணும்," என்று மூன்றாமவர் சொல்லிவிட்டுக் கிளாசைக் கீழே வைத்தார். அழகிரி பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். யாரும் அதிர்ந்து போகவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

வீரம்மாள் டீயைக் குடித்து முடித்தாள்.

"மேடையில சொன்ன நெரந்தர வேலை இதுதானா?"

நான் துண்டை மடித்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

"சும்மா உக்காந்து சம்பளம் வாங்கிப் பழக்கமில்ல எனக்கு," என்றாள். "தண்ணி ஊத்தலேன்னாலும் பாதி நிக்கும். ஐப்பசி வரைக்கும் தாங்கற ஈரம் அடியில இருக்கு. அந்த மாதிரி வளத்து வெச்சிருக்கேன். உங்களுக்கு மொத்தமும் போவணுமில்ல?" எழுந்து முந்தானையை உதறிக்கொண்டாள். "வேலின்னு சொல்லி என் ஆட்டை விக்க வெச்சீங்க. ஆடு வாங்கிக் குடுங்க. வேலையைச் சுத்தமாப் பண்ணித் தர்றேன்."

சனிக்கிழமை விடியலில் சமயபுரம் சந்தைக்குப் போனோம். அவள் தோளில் பழைய துண்டு கிடந்தது. ஏழு பெட்டை ஆடுகளை நிறுத்தி வைத்திருந்த ஒரு தொட்டியத்துக்காரரிடம் போய் நின்றாள். இடுப்பைத் தடவினாள், பல்லைப் பிடித்துப் பார்த்தாள், வயிற்றை அழுத்திப் பார்த்தாள். துண்டைப் போட்டாள். இரண்டு கையும் உள்ளே போயின. நான் நாலு அடி தள்ளி நின்றேன். அந்தத் துணிக்கு அடியில் எந்த விரல் எந்த விரலைப் பிடித்தது என்று எனக்குத் தெரியவில்லை. கொடுக்கப்போகிறவன் நான்தான், ஆனாலும் தெரியவில்லை.

முடித்துக்கொண்டு கயிற்றோடு வந்தாள். ஆடுகள் விலா எலும்பு தெரிய நின்றன.

"நோஞ்சானா இருக்கே," என்றேன்.

"பசியாப் பாத்துத்தான் எடுத்தேன்," என்றாள்.